முக்கால் பங்கு தண்ணீர்

ஒரு ஜில்லாவின் விஸ்தீரணம் 1,563 சதுர மைல். அதில் தரை 383 சதுர மைல், மிச்சமெல்லாம் ஜலம். இப்படி ஒரு கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பையன் எழுதிக்கொண்டு வந்தால், எண்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டான் என்று சிவப்பு மசியால் சுழித்து விடுவோம். ஆனால் கணக்கு சரியானதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில், வட கரோலினா மாகாணத்தில், அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் முழங்கையை நீட்டினாற்போல் துருத்திக்கொண்டு நிற்கும் டேர் கவுண்டியின் கணக்கு அது. விஸ்தீரணத்தை மட்டும் பார்த்தால் அந்த மாகாணத்திலேயே பெரிய கவுண்டி அதுதான். காலூன்றி நிற்க இடம் தேடினால் கதை வேறு.

கவுண்டி என்பதை நமது ஜில்லாவுக்கும் தாலூகாவுக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவு என்று நேயர்கள் வைத்துக் கொள்ளலாம். ஆனால் கலெக்டர் என்று ஒருவர் மேலிருந்து வந்து இறங்குவதில்லை. டேர் கவுண்டியில் ஏழு கமிஷனர்களை ஜனங்களே வோட்டுப் போட்டு நான்கு வருஷத்துக்கு அமர்த்துகிறார்கள். போலீஸ் தலைவரான ஷெரீபும், பள்ளிக்கூட போர்டாரும்கூட வோட்டு வாங்கித்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். கமிஷனர்கள் சம்பளத்துக்கு ஒரு மானேஜரை நியமித்து அன்றாடக் காரியங்களை நடத்துகிறார்கள். குடிநீர், ஆம்புலன்ஸ், குப்பை, நூல்நிலையம், பள்ளிக்கூடக் கட்டிடம் முதலியவை இவர்கள் பொறுப்பு. பெரிய சாலையும் பாலமும் மாகாண ஸர்க்காருடையவை. கடற்கரையில் பெரும்பகுதி மத்திய ஸர்க்காரின் தேசியப் பூங்கா இலாகாவுக்குச் சொந்தம். இந்த மூன்று எஜமானர்களுக்கும் மேலே நான்காவது எஜமானர் ஒருவர் இருக்கிறார். அவர் வோட்டுக் கேட்பதுமில்லை, வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் பார்ப்பதுமில்லை. சமுத்திரராஜனைத்தான் சொல்லுகிறோம்.

அந்தப் பிரதேசத்தின் அமைப்பைச் சற்றே மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். மேற்கே பெருநிலத்தை ஒட்டிய பகுதி சதுப்புக் காடு. அங்கே மனிதர்கள் சொற்பம். கரடிகளும் முதலைகளும் உண்டு. பூண்டற்றுப் போகும் தறுவாயில் இருந்த செந்நிற ஓநாய்களை 1987-ம் வருஷம் கொண்டு வந்து விட்டதும் இந்தக் காட்டில்தான். நடுவே ரோனோக் என்ற தீவு. கவுண்டியின் தலைநகரான மாண்டியோ அதில் இருக்கிறது. அதற்கும் கிழக்கே, காயலைத் தாண்டி, சமுத்திரத்தின் ஓரமாகக் கோடு கிழித்ததுபோல் மணல் திட்டுக்கள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. சில இடங்களில் அவற்றின் அகலம் கால் மைல்கூடத் தேறாது. ஒரு பக்கம் அட்லாண்டிக். மறு பக்கம் பாம்லிக்கோ காயல். அந்தக் காயலின் நீளம் சுமார் 80 மைல். 1524-ல் அவ்வழியே வந்த இத்தாலிய மாலுமி வெர்ரஸானோ, மணல் திட்டுக்கு அப்பால் கரை தெரியாத நீர்ப்பரப்பைக் கண்டு, அதுதான் சீன தேசத்துக்குப் போகும் பஸிபிக் சமுத்திரம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வெகுகாலம் ஐரோப்பியப் படங்களில் அமெரிக்கக் கண்டம் அந்த இடத்தில் இடுப்பொடிந்து காணப்பட்டதற்கு இவரே காரணம்.

திட்டுக்கள் ஓரிடத்தில் நிற்பவையல்ல. புயல் வரும்போது அலைகள் மணலை வாரித் திட்டின் மேலாகக் காயல் பக்கம் கொண்டு போய்ப் போடுகின்றன. முன்பக்கம் கரையக் கரையப் பின்பக்கம் வளரும். இவ்வாறு தீவு முழுவதும், படுத்திருப்பவன் தூக்கத்தில் புரளுவது போல, மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. சில புயல்களில் கடல் திட்டை அறுத்துப் புதிய முகத்துவாரமே திறந்துவிடும். இன்று ஒரிகன் முகத்துவாரம் என்று சொல்லப்படுவது 1846-ம் வருஷத்துப் புயலில் உண்டானது. அதற்கு முதல் நாள் அங்கே மனிதர் நடந்து போயிருப்பார்கள்.

ஊர்ப் பெயர்களைப் பற்றி அதிகம் விஸ்தரிக்க இடமில்லை. 1584-ல் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட இரண்டு செவ்விந்தியர்கள் மாண்டியோ, வாஞ்சீஸ் என்போர். திரும்பி வந்ததும் ஒருவர் வெள்ளையருக்கு நண்பரானார், மற்றவர் பகைவரானார். இன்று ஒரே தீவில் இருவர் பேராலும் ஊர்கள் சமாதானமாக இருக்கின்றன. 1587-ல் அங்கே குடியேறிய ஆங்கிலேயருக்குப் பிறந்த பெண் குழந்தை வர்ஜீனியா டேர். 1870-ல் கவுண்டி அமைந்தபோது அந்தக் குழந்தையின் பெயரையே சூட்டினார்கள். குழந்தையின் பாட்டனாரான கவர்னர் ஜான் வைட் உதவி கொண்டு வர இங்கிலாந்துக்குப் போய், 1590-ல் திரும்பியபோது ஆள் அரவமே இல்லை; 'குரோட்டோவன்' என்ற ஒரு வார்த்தை மரக் கம்பத்தில் செதுக்கியிருந்தது. அது தெற்கே உள்ள ஹாட்டெராஸ் தீவுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். குடியேறினவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றளவும் விளங்கவில்லை. இந்தக் கதையை 1937 முதல் கோடைக் காலத்தில் ரோனோக் தீவில் திறந்த வெளி நாடகமாக நடித்து வருகிறார்கள்.

ஆனால் நாடகமாக நடிக்கத் தகுந்த கதை வேறொன்று உண்டு என்பது நமது அபிப்பிராயம். அது கப்பல்களைப் பற்றியது.

ஹாட்டெராஸ் முனைக்கு அருகே தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமும் சந்திக்கின்றன. கடலடியில் டயமண்ட் மணல் திட்டு மைல் கணக்கில் மறைந்து கிடக்கிறது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் அங்கே உடைந்து போனதால் மாலுமிகள் அதற்கு அட்லாண்டிக்கின் சுடுகாடு என்றே பெயரிட்டார்கள். கப்பல் தரைதட்டும் இடம் பெரும்பாலும் கரையிலிருந்து கூப்பிடு தூரந்தான். அந்தக் கூப்பிடு தூரத்தை நீந்திக் கடக்க முடியாமல்தான் மனிதர்கள் மாண்டார்கள். இதற்காக 1874-ல் மத்திய ஸர்க்கார் அந்தக் கரையில் உயிர் காக்கும் நிலையங்கள் ஏழு கட்டினார்கள். ஒரு கொட்டகை, ஒரு படகு, ஒரு சிறு பீரங்கி, தலைவர் ஒருவர், ஆட்கள் ஆறு பேர். பீரங்கியினால் கயிற்றைக் கப்பலின் மீது சுட்டு, அந்தக் கயிற்றில் ஒரு தொட்டிலை ஓடவிட்டு ஒவ்வொருவராக இழுத்துக் கரைசேர்ப்பார்கள்.

ஏற்பாடு அருமையானது. சிக்கனத்தில்தான் வந்தது வினை. டிஸம்பர் முதல் மார்ச் வரையில் மட்டுமே ஆட்களுக்குச் சம்பளம். மற்ற மாதங்களில் நிலையம் பூட்டிக் கிடக்கும். 1877-ம் வருஷம் நவம்பர் 24-ம் தேதி பின்னிரவில், 'ஹூரான்' என்ற யுத்தக் கப்பல் நாக்ஸ் ஹெட் என்ற ஊருக்கு எதிரே தரைதட்டியது. கரை சுமார் இருநூறு கஜம். உயிர் காக்கும் நிலையம் சில மைல் தூரத்தில் இருந்தது. அது திறப்பதற்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி! பீரங்கியும் கயிறும் உள்ளே; பூட்டு வெளியே. 98 பேர் மாண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, சற்று வடக்கே, 'மெட்ரோபோலிஸ்' என்ற கப்பல் உடைந்து 85 பேர் மடிந்தார்கள். அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, காங்கிரஸ் சபையார் பணம் ஒதுக்கினார்கள், நிலையங்கள் பெருகின, வேலை மாதங்களும் நீண்டன. வரவு செலவுக் கணக்கில் மிச்சப்படுத்திய ஒரு வாரச் சம்பளத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அப்படிப் பெருகிய நிலையங்களில் ஒன்று பீ தீவு நிலையம். அதற்கு 1880-ல் தலைவராக நியமிக்கப்பட்டவர் ரிச்சர்ட் எதரிட்ஜ். ரோனோக் தீவில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டு யுத்தத்தில் வடநாட்டார் பக்கம் சேர்ந்து போராடியவர். யுத்த காலத்தில் அந்தத் தீவில் விடுதலை பெற்ற நீக்ரோ ஜனங்கள் மூவாயிரம் பேருக்கு மேல் ஒரு குடியிருப்பு ஏற்படுத்திக்கொண்டு, பள்ளிக்கூடம் வைத்து, வீடு கட்டி வாழ்ந்தார்கள். யுத்தம் முடிந்ததும் நிலத்தைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஸர்க்கார் அவர்களைக் கைவிட்டது. அந்த மண்ணிலிருந்து வந்தவர் எதரிட்ஜ். கறுப்பர் ஒருவர் உயிர் காக்கும் நிலையத்துக்குத் தலைவரானது அதுவே முதல் தடவை. அவருக்குக் கீழே வேலை செய்ய வெள்ளைக்கார ஆட்கள் இசையவில்லை. ஆகவே, மற்ற நிலையங்களில் சமையலுக்கும் எடுபிடிக்கும் கடைசி ஆளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பர்களைத் திரட்டி இங்கே அனுப்பினார்கள். சில மாதத்துக்குள் நிலையம் தீப்பற்றி எரிந்தது. தானாகப் பற்றியதல்ல என்பது பலருடைய எண்ணம். எதரிட்ஜ் மறுபடி கட்டினார். ஆட்களுக்கு நாள் தவறாமல் பயிற்சி கொடுத்தார்.

1896-ம் வருஷம் அக்டோபர் 11-ம் தேதி. பெரும் புயல். கடல் திட்டின் மேலேயே ஏறி ஓடிக்கொண்டிருந்தபடியால் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டிருந்தது. இருட்டில் ஒரு தீபம் மங்கலாகத் தெரிந்தது. 'இ. எஸ். நியூமன்' என்ற பாய்க்கப்பல் தெற்கே தரைதட்டிக் கிடந்தது. கோவேறு கழுதைகளைப் பூட்டிய வண்டியில் சாமான்களை இழுத்துக் கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தால், மணல் முழுவதும் வெள்ளத்துக்கு அடியில்; கயிற்றைப் பிணைக்கும் நங்கூரத்தைப் புதைக்க இடமில்லை. பீரங்கி உபயோகமற்றுப் போயிற்று. படகு இறக்குவதும் சாத்தியமில்லை. எதரிட்ஜ் இரண்டு பேரை ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டினார். மறு முனையைக் கரையில் இருந்தோர் பிடித்துக்கொள்ள, அவ்விருவரும் அலைக்குள் நீந்திப் போனார்கள். முதலில் வந்தது காப்டனின் மூன்று வயதுக் குழந்தை. பிறகு அவருடைய மனைவி. ஒரு ஜோடி களைத்ததும் வேறொரு ஜோடி. இப்படியே திரும்பத் திரும்பப் போய், கப்பலில் இருந்த ஒன்பது பேரையும் உயிரோடு கொண்டு வந்தார்கள்.

அக்காலத்தில் இத்தகைய வீரச் செயலுக்குத் தங்கப் பதக்கம் அளிப்பது உண்டு. இவர்களுக்கு அளிக்கவில்லை. எதரிட்ஜ் 1900-ல் காலமானார். அவர் ஏற்படுத்திய நிலையத்தில் 1947-ல் மூடும் வரையில் கறுப்பர்களே வேலை பார்த்தார்கள். சரித்திரம் படித்த சிலர் பழைய தஸ்தாவேஜிகளைத் தேடி எடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூட மாணவி மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதினாள். கடைசியில் 1996-ல், சரியாக நூறு வருஷம் கழித்து, பதக்கம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கடிதம் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போவதில்லை என்று தெரிந்துகொள்வதில் எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

இந்த உயிர் காப்பவர்கள் வேறொரு சரித்திர சம்பவத்துக்கும் சாக்ஷி. ரைட் சகோதரர்கள் பறப்பதற்குக் காற்றும் மணலும் உள்ள இடம் தேடி வானிலை இலாகாவுக்கு எழுதினார்கள். டேர் கவுண்டியின் கிட்டி ஹாக் கிராமத்திலிருந்து நல்ல பதில் வந்தது. ஆகவே அங்கே போனார்கள். 1903-ம் வருஷம் டிஸம்பர் 17-ம் தேதி, கில் டெவில் ஹில்ஸ் நிலையத்து ஆட்கள் யந்திரத்தைத் தூக்கிவைக்க வந்திருந்தார்கள். ஜான் டேனியல்ஸ் என்ற ஆளிடம் புகைப்படப் பெட்டியை ஒப்படைத்து, யந்திரம் மேலே எழும்பினால் ரப்பர்க் குமிழை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். 12 விநாடி, 120 அடி தூரம். அவர் அமுக்கிவிட்டார். உலகமெல்லாம் பார்த்திருக்கும் அந்தப் படம் ஒரு கடற்கரைச் சேவகன் எடுத்தது.

இனி ஜனத்தொகைக்கு வருவோம். 2020-ம் வருஷத்து ஜனக் கணிதப்படி டேர் கவுண்டியில் 36,915 பேர். ஆனால் கோடைக் காலத்தில் எந்த நாளிலும் அங்கே இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். எல்லாம் கடல் ஸ்நானத்துக்கு வருகிறவர்கள். வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை வருஷம் முழுவதும் குடியிருப்போர் இல்லாதவை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வாரக் கணக்கில் வாடகைக்கு விடுபவை. குடிநீரையும் ஆஸ்பத்திரியையும் குப்பை வண்டியையும் எந்த எண்ணுக்கு ஏற்றபடி வைப்பது? 37 ஆயிரத்துக்கா, இரண்டு லக்ஷத்துக்கா? கமிஷனர்களுக்கு ஓயாத தலைவலி இதுதான்.

தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் சுலபமல்ல. பூமிக்கடியிலிருந்து வரும் உவர் நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்துத்தான் வழங்குகிறார்கள். நாக்ஸ் ஹெட்டில் 2002-ல்தான் ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டது. கடும் காயம் பட்டவர்களைப் பெரிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், கவுண்டியே ஒரு ஹெலிகாப்டர் வைத்து நடத்துகிறது. விமானத்தைப் பெற்ற ஊர் என்பதற்குப் பொருத்தமான செலவுதான். பணம்? விடுதி வாடகையின் மீது வரி. வீடு, மனை கைமாறும்போது நூற்றுக்கு ஒன்று வீதம் வரி. ஆக, வந்து போகிறவர்களிடமிருந்தே பெரும்பாகம் கறந்து விடுகிறார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வாடகைக்கு விட்டால் வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வரும் இடத்தில், வேலை பார்க்கிறவன் குடியிருக்க வீடு அகப்படுவதில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் வேலையை ஒப்புக்கொண்டு, பிறகு வீடு கிடைக்காமல் திரும்பிப் போகும் நிலைமை வந்தது. அங்குள்ள கல்வி நிதி ஸ்தாபனத்தார், ஸர்க்கார் ஊழியர்களின் கடன் சங்கத்தைச் சேர்ந்த தர்ம நிதியின் துணையோடு, கில் டெவில் ஹில்ஸிலும் ஹாட்டெராஸ் தீவின் பக்ஸ்டன் கிராமத்திலும் உபாத்தியாயர்களுக்கென்றே குடியிருப்புகள் கட்டினார்கள். கோடைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் தட்டுக் கழுவ வெளி தேசங்களிலிருந்து கலாசாலை மாணவர்களை அழைத்து வருகிறார்கள். 2020 மார்ச்சில் கொள்ளை நோய் பரவியபோது கவுண்டி அதிகாரிகள் பாலங்களில் காவல் போட்டு, வந்து போகிறவர்களை மட்டுமல்ல, அங்கே வீடு வைத்திருந்த வெளியூர்க்காரர்களையும் உள்ளே விடாமல் தடுத்தார்கள். வரி கட்டும் எங்களை எங்கள் வீட்டுக்கே போக விடாமல் தடுப்பதா என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சிறிய ஆஸ்பத்திரியில் யாருக்குப் படுக்கை என்பது இவர்கள் வாதம். சொத்துரிமை என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆயினும், சில வார காலத்துக்கு, 'ஊர் ஜனங்கள்' என்றால் யார் என்ற கேள்விக்குப் பாலத்துக் காவல்காரனே விடை சொல்ல வேண்டியதாயிற்று.

பாலம் என்றதும் 12-ம் நம்பர்ச் சாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹாட்டெராஸ் தீவின் கிராமங்களில் வசிக்கும் நாலாயிரம் சொச்சம் ஜனங்களுக்கு வடக்கே போக அது ஒன்றுதான் சாலை. வெகுகாலம் கழித்தே அங்கே தார் போட்டார்கள்; அதற்கு முன் மோட்டார்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து ஈர மணலில் ஓடின. முகத்துவாரத்தைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1963-ல் ஒரிகன் முகத்துவாரத்தின் மேல் பாலம் கட்டினார்கள். முப்பது வருஷம் தாங்கும் என்று கட்டிய பாலம். 1990 அக்டோபரில் புயலில் அடித்து வரப்பட்ட ஒரு தூர்வாரும் கப்பல் மோதிப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் விழுந்தது. சில மாத காலம் தீவு துண்டித்துக் கிடந்தது. 2003 செப்டம்பரில் 'இஸபெல்' புயல் தீவையே இரண்டாக வெட்டியது. ஹாட்டெராஸ் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படகில் போனார்கள். 2011 ஆகஸ்டில் 'ஐரீன்' புயல் பீ தீவில் சாலையை அறுத்தது.

முப்பது வருஷப் பாலம் ஐம்பத்தைந்து வருஷம் வேலை செய்தது. புதுப் பாலம் எங்கே கட்டுவது என்பதில் விவாதம் வருஷக் கணக்கில் நீண்டது. பறவைச் சரணாலயத்துக்குக் கெடுதல், நகர்ந்துகொண்டிருக்கும் மணலில் சாலை நிலைக்காது, ஆகவே காயலின் மேலாக நீண்ட பாலம் கட்டவேண்டும் என்பது ஒரு கட்சி. அதற்குப் பணம் எங்கே என்பது மறு கட்சி. வழக்கு நடந்து, 2015-ல் ராஜி ஏற்பட்டது. புதுப் பாலத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2017 ஜூலையில், வேலைக்காரர்கள் இறக்கிய இரும்புக் குழாய் ஒன்று பூமிக்கடியில் இருந்த மின்சாரக் கம்பியைத் துளைத்துவிட்டது. கோடையின் உச்ச வாரம். தீவு முழுவதும் இருள். பல்லாயிரம் விருந்தாளிகளை வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் கடைக்காரர்கள் இழந்தது பெருந்தொகை. 2019 பிப்ரவரியில் 2.8 மைல் நீளமுள்ள புதுப் பாலம் திறக்கப்பட்டது. இது நூறு வருஷம் தாங்குமாம். தாங்கட்டும். ஆனால் பாலத்தின் தென்கோடி போய் இறங்குவது அதே மணலில்தானே?

ஆகையால் 2022 ஜூலையில் ரொடாந்தி கிராமத்துக்கு வடக்கே வேறொரு பாலம் திறந்தார்கள். கடல் அடிக்கடி விழுங்கும் சாலைப் பகுதியைக் கைவிட்டு, காயலின் மேல் வளைந்து சென்று கிராமத்தின் பின்புறமாக நுழையும் பாலம் அது, நீளம் 2.4 மைல். கைவிட்ட பழைய சாலையைப் பெயர்த்து எடுத்துச் சரணாலயத்தோடு சேர்த்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. கடலோடு எதிர்த்து நின்று கொட்டுகிற பணத்தை விட, ஒதுங்கி நின்று செலவழிக்கிற பணம் அதிக நாள் நிற்கிறது.

எதிர்த்து நிற்கும் முறையும் அங்கே உண்டு. வட கரோலினாவில் கடலோரத்தில் கல் சுவர் எழுப்ப 1985 முதல் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஒருவன் வீட்டைக் காக்கும் சுவர் பக்கத்து மணலையெல்லாம் அரித்துவிடும் என்பது காரணம். ஆதலால் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் பரப்புகிறார்கள். 2011-ல் நாக்ஸ் ஹெட்டில் பத்து மைல் நீளத்துக்குப் பரப்பினார்கள். பிறகு வடக்கே உள்ள ஊர்களிலும், 2022-ல் ஆவன், பக்ஸ்டன் கிராமங்களிலும் செய்தார்கள். சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் செய்ய வேண்டும். விடுதி வரியில் ஒரு பங்கு இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

ரொடாந்தியில் 2020 முதல் பத்துக்கும் மேற்பட்ட கடலோர வீடுகள் அலைக்கு இரையாகிவிட்டன. 2022 மே மாதத்தில் ஒரே நாளில் இரண்டு வீடுகள் விழுந்தன. நீண்ட கால்களில் நின்ற ஒரு மாடி வீடு மண்டியிடுவதுபோல் கடலில் இறங்கி மிதந்து செல்வதை உலகம் சலனப் படத்தில் பார்த்தது. பலகைகளும் ஆணிகளும் கழிவுத் தொட்டிகளும் மைல் கணக்கில் கரையெங்கும் சிதறும். பொறுக்கி எடுப்பவர்கள் பூங்கா இலாகாவினரும் ஊர்த் தொண்டர்களும். விழுந்த பிறகு பொறுக்குவதைவிட விழுமுன் வாங்கி இடிப்பது மேல் என்று, 2023-ல் அந்த இலாகா இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கி அப்புறப்படுத்தியது. வாடகைக்கு விட்டுப் பொருள் சேர்த்தவர்களின் வீட்டைப் பொதுப் பணத்தில் வாங்குவது நியாயமா என்று கேட்கிறார்கள். கேள்வி பொருத்தமானதே. ஆனால் அந்தத் தீவில் இருப்பவர்கள் எல்லோரும் வாடகை வீட்டுக்காரர்கள் அல்லர். உயிர் காக்கும் நிலையத்தில் படகு தள்ளியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே நண்டும் மீனும் பிடித்து வாழ்கிறார்கள். "எல்லோரும் கிளம்பி உள்நாட்டுக்குப் போங்கள்" என்று தூரத்திலிருந்து சொல்லிவிடுவது மிகவும் சுலபம்.

ஒதுங்குவதற்கு அந்தக் கவுண்டியிலேயே ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1870-ல் ஹாட்டெராஸ் முனையில் செங்கல்லால் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு உயரம் சுமார் 200 அடி. கட்டும்போது கடல் 1,500 அடிக்கு அப்பால் இருந்தது. நூறு வருஷத்தில் அது 120 அடி தூரத்துக்கு வந்துவிட்டது. மணல் மூட்டைகளை அடுக்கினார்கள், மணல் கொட்டினார்கள், கடல் நெருங்கிக்கொண்டேயிருந்தது. அப்படியே பெயர்த்து நகர்த்துவதென்று முடிவு செய்தபோது உள்ளூரார் பலர் ஆக்ஷேபித்தார்கள். கோபுரம் வழியிலேயே இடிந்து விழும் என்று பயந்தார்கள். 1999-ம் வருஷக் கோடையில், 4,800 டன் எடையுள்ள கோபுரத்தை அடியோடு அறுத்து, இரும்புத் தண்டவாளத்தின் மீது வைத்து, 23 நாட்களில் 2,900 அடி நகர்த்தினார்கள். ஒரு செங்கல் உதிரவில்லை. கட்டிய நாளில் கடலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் மறுபடியும் நிறுத்தினார்கள். அந்த வருஷம் நவம்பரில் மீண்டும் விளக்கு ஏற்றப்பட்டது.

சாலைக்கு இந்த சௌகரியம் இல்லை. இரு பாலங்களுக்கு நடுவே இன்னும் பல மைல் சாலை வெறும் மணல் மேட்டின் மறைவில்தான் கிடக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் மாகாண நெடுஞ்சாலை இலாகாவினர் மணல் தள்ளும் யந்திரங்களை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். விருந்தாளிகளை வெளியேற்றி, பாலத்தைச் சாத்தி, காற்று ஓய்ந்ததும் சாலை எங்கே இருந்தது என்று தேடித் தோண்டுகிறார்கள். வழி திறந்த பின், ஊர்க்காரர்களுக்கென்று அளித்திருக்கும் அடையாளச் சீட்டைக் காட்டுகிறவர்கள் முதலில் வீடு திரும்பலாம், மற்றவர்கள் பிறகு.